விலங்கு பூட்டிய கரங்கள் எழுப்பிய நகரம்

ஒரு கோயிலின் இராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பவர், அதனைக் கட்டியவர் யார் என்று வினவுவது இயல்பு. அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு மன்னரின் பெயராகவோ, வள்ளலின் பெயராகவோ, பொறியாளரின் பெயராகவோ இருக்கும். மண் சுமந்தவர், கல் பிளந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர் ஆகியோரின் பெயர்கள் கல்வெட்டில் இடம்பெறுவது அரிது. சிங்கப்பூர், பினாங்கு ஆகிய நகரங்களின் தொடக்கக் கால வரலாற்றைப் புரட்டும்போது இவ்வுண்மை இன்னும் கூர்மையாகப் புலப்படுகிறது. இந்நகரங்களின் சாலைகளையும் அரசு மாளிகைகளையும் ஆலயங்களையும் எழுப்பிய கரங்களுள் பல, குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டு இந்தியாவிலிருந்து கடல் கடந்து அனுப்பப்பட்ட கைதிகளின் கரங்கள்.

அக்கைதிகளோடு அதே கடலைக் கடந்து வந்த போர்வீரர்களும் உண்டு. அவர்களை வேலை வாங்கிய கட்டடக் கலைஞர்களும் உண்டு. குற்றம், போர், கட்டடக் கலை என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய இவ்வரலாறு, இம்மண்ணில் வாழும் இந்தியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

தீவாந்தர தண்டனை

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கள் ஆட்சிப் பகுதிகளில் கடுங்குற்றம் புரிந்தவர்களுக்கு விதித்த தண்டனைகளுள் ஒன்று, நாடு கடத்தி ஆயுள் முழுவதும் அல்லது நீண்ட காலம் வேலை வாங்குவதாகும். இதனைத் தமிழ் மக்கள் ‘தீவாந்தர தண்டனை’ என்று வழங்கினர். கடல் கடந்தால் சாதியும் உறவும் அற்றுப்போகும் என்று நம்பிய அக்கால மக்களுக்குத் தூக்குத் தண்டனையை விடவும் இது கொடியதாகத் தோன்றியது.

சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலனுக்கு 1787-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டனர். அதனை அடுத்துப் பினாங்கும், பின்னர் சிங்கப்பூரும் மலாக்காவும் கைதிகளை ஏற்கும் இடங்களாயின. 1790 முதல் 1860 வரையிலான காலத்தில் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து சேர்ந்த இந்தியக் கைதிகளின் தொகை ஏறத்தாழ 15,000 என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர்.

இவர்கள் அனைவரும் குற்றமற்றவர் என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். கொலை புரிந்தவரும், கொள்ளைக் கூட்டத்தாரும், வழிப்போக்கரைக் கழுத்து நெரித்துக் கொன்ற ‘தக்கர்’ எனப்படுவோரும் இவர்களுள் இருந்தனர். அதே வேளையில், கும்பினியின் ஆட்சியை எதிர்த்து வாள் ஏந்தியவர்களும் அதே தண்டனையையே பெற்றனர். ஆட்சியாளரின் பார்வையில் கொள்ளைக்காரனுக்கும் நாட்டுக்காகப் போராடியவனுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

கோபுரம் கட்டியவரும் கடல் கடந்த மைந்தனும்

சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களின் வரலாறு தமிழர் நன்கறிந்ததே. பெரிய மருதுவும் சின்ன மருதுவும் போர்வீரர்கள் மட்டுமல்லர். திருப்பணி புரிந்தவர்களும் ஆவர். காளையார்கோவிலில் இன்றும் ஓங்கி நிற்கும் பெரிய இராஜகோபுரம் அவர்கள் எழுப்பியதாகும். அக்கோபுரத்திற்கான செங்கற்களை மக்கள் நெடுந்தொலைவு வரிசையாக நின்று கைமாற்றிக் கொண்டு வந்து சேர்த்தனர் என்பது அப்பகுதியில் வழங்கும் வாய்மொழிச் செய்தி.

1801-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சின்ன மருது வெளியிட்ட திருச்சிப் பிரகடனம், சாதி வேறுபாடு கடந்து அனைவரும் ஆங்கிலேயரை எதிர்த்து எழ வேண்டும் என்று அறைகூவியது. கர்னல் அக்னியூ தலைமையிலான படை காட்டினுள் பாதை வெட்டி முன்னேறி, அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் காளையார்கோவிலைக் கைப்பற்றியது. அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய உறவினரும் துணைநின்றோரும் பலர் உயிர் இழந்தனர்.

எஞ்சியோருள் 70-க்கும் மேற்பட்டவர்கள் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியும் அவர்களுள் அடங்குவர். துரைச்சாமிக்கு அப்பொழுது வயது 15 மட்டுமே.

அப்போரில் ஆங்கிலேயர் தரப்பில் ஈடுபட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, 1830-இல் வெளியான தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் மருது சகோதரர்களை வியந்து எழுதியுள்ளார். போருக்கு முந்திய நட்புக் காலத்தில் தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று அவர் நன்றியுடன் குறிப்பிடுகின்றார். அவரே 1818-இல் பினாங்குக்குச் சென்றிருந்தபொழுது, உடல் தளர்ந்து முதுமை தோற்றிய ஒருவர் அவர்முன் வந்து நின்றார். யாரென்று வினவியபொழுதுதான் அவர் துரைச்சாமி என்பது தெரிந்தது. முப்பது வயதைச் சற்றே கடந்த ஒருவரை, நாடு இழந்த துயரமும் சிறை வாழ்வும் கிழவராக்கியிருந்தன. தமக்குப் போர்க்கலை பயிற்றிய நண்பரின் மகனை அந்நிலையில் கண்டபொழுது தம் நெஞ்சு துடித்ததை வெல்ஷ் மறைக்கவில்லை.

துரைச்சாமி வந்திறங்கிய பினாங்கில், பிரான்சிஸ் லைட் மரக்கம்புகளால் அமைத்திருந்த கார்ன்வாலிஸ் கோட்டை, 1804-ஆம் ஆண்டளவில் கல்லாலும் செங்கல்லாலும் திரும்பக் கட்டப்பட்டது. அப்பணியில் உழைத்தவர்களும் இந்தியக் கைதிகளே. தந்தையர் கட்டிய கோபுரம் சிவகங்கைச் சீமையில் நிற்க, மைந்தன் சிறைப்பட்ட ஊரில் கோட்டை ஒன்று கைதிகளின் உழைப்பால் எழுந்தது.

பஞ்சாபிலிருந்து வந்த துறவி வீரர்

இதே வரிசையில் நினைவுகூரத்தக்க இன்னொருவர் பாய் மகராஜ் சிங். இரண்டாம் ஆங்கிலேய-சீக்கியப் போரில் மக்களைத் திரட்டிப் போராடிய இத்துறவி, பஞ்சாப் வீழ்ந்த பின்னரும் பணியவில்லை. 1849-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் ஜலந்தர் அருகே பிடிபட்டார். அவரை இந்தியாவில் வைத்து விசாரிப்பதே ஆபத்து என்று கருதிய ஆட்சியினர், விசாரணை ஏதுமின்றி நாடு கடத்தினர்.

1850-ஆம் ஆண்டு ஜூலையில் தம் சீடர் கரக் சிங்குடன் சிங்கப்பூரில் இறக்கப்பட்ட அவர், ஊட்ரம் பகுதியிலிருந்த சிறையில் தனிமையில் அடைக்கப்பட்டார். பார்வை மங்கி, நோயுற்று, ஆறாண்டுகள் கழித்து 1856-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் உயிர் நீத்தார். அரசின் ஏடுகளில் அவர் ஓர் அரசியல் கைதி. சீக்கியப் பெருமக்களுக்கோ அவர் புனிதர். சிங்கப்பூர் சீலாட் சாலைக் குருத்துவாராவில் அவர் நினைவாக அமைந்துள்ள இடத்தில் மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். நீதிமன்றம் தரும் பெயர் வேறு, மக்கள் மனம் தரும் பெயர் வேறு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சிங்கப்பூருக்கு வந்த முதல் கூட்டம்

1824-ஆம் ஆண்டின் ஆங்கிலேய-டச்சு ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. ஆகவே, அங்கிருந்த கைதிகள் இடம் மாற்றப்பட்டனர். 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ‘ஹொரேஷியோ’ என்னும் கப்பலில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த முதல் கூட்டத்தினர் 80 பேர். அவர்கள் அனைவரும் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்றுப் பென்கூலன் சென்றவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர்.

சதுப்பு நிலமும் அடர்ந்த காடும் சூழ்ந்திருந்த அந்நாளைய சிங்கப்பூரில் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி அதிகம். ஆகவே, கைதிகளின் வருகை அரசுக்கு ஒரு வரப்பிரசாதமாயிற்று. காடு திருத்துதல், சதுப்பு நிலம் நிரவுதல், கால்வாய் வெட்டுதல், சாலை அமைத்தல், பாலம் கட்டுதல் ஆகிய பணிகள் யாவும் அவர்கள் தோளில் ஏறின.

கோல்மனும் புலியும்

அப்பணிகளுக்குத் திட்டம் வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் டிரம்கூல் கோல்மன். அயர்லாந்தின் டிராகெடா நகரில் 1795-இல் பிறந்த இக்கட்டடக் கலைஞர் 1822-இல் சிங்கப்பூர் வந்தார். பின்னாளில் நாடாளுமன்ற மாளிகையாகப் பயன்பட்ட கட்டடத்தை 1827-இல் ஒரு வணிகரின் இல்லமாக அமைத்தவர் அவரே. 1835-இல் அவர் உருவாக்கிய ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் அழகு குன்றாமல் நிற்கிறது. 1833-இல் பொதுப்பணிகளின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்ட அவர், கைதிகளைக் கொண்டு நார்த் பிரிட்ஜ் சாலை, சவுத் பிரிட்ஜ் சாலை முதலிய நெடுஞ்சாலைகளை அமைத்தார்.

1835-ஆம் ஆண்டளவில் கோல்மன் கைதிகளுடன் காட்டினுள் சாலைக்கு நில அளவை செய்துகொண்டிருந்தபொழுது, ஒரு புலி பாய்ந்து வந்து அளவைக் கருவியின் மேல் விழுந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. அக்காட்சியைச் சித்திரிக்கும் பழைய ஓவிய அச்சு புகழ்பெற்றது. அவ்வோவியத்தில் கோல்மனுக்குப் பெயர் உண்டு. அவருடன் அஞ்சிச் சிதறும் கைதிகளுக்கோ பெயர் இல்லை.

பிற்காலத்தில் புலிகளின் தொல்லை மிகுந்தபொழுது, கைதிகளுள் துணிவு மிக்கவரைத் தேர்ந்து, அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பியது அரசு. கொலைக் குற்றத்திற்காக நாடு கடத்தப்பட்டவன் கையில் அரசே துப்பாக்கி கொடுத்த விந்தை வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

கைதியே காவலர்

இந்நம்பிக்கை ஒரே நாளில் பிறந்ததன்று. நீரிணைக் குடியேற்றங்களில் உருவான கைதி நிருவாக முறை அக்காலத்தில் புதுமையானது. கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். புதிதாக வந்தவர் காலில் இலேசான விலங்குடன் கடும் வேலையில் ஈடுபட்டனர். ஒழுங்கு தவறியோர் கனத்த விலங்கு பூட்டப்பட்டுக் கீழ் வகுப்புக்குத் தள்ளப்பட்டனர். நன்னடத்தையால் மேல் வகுப்புக்கு உயர்ந்தோருக்கு விலங்கு அகற்றப்பட்டது. முதல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுப் பெற்று ஊருக்குள் தங்கிச் சொந்தமாகத் தொழில் செய்து வாழலாம். முதியோரும் நோயுற்றோரும் தனி வகுப்பில் வைக்கப்பட்டனர்.

கைதிகளைக் கண்காணிக்கும் சிற்றதிகாரிகளும் கைதிகளிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்கு வழங்கிய பதவிப் பெயர்களுள் ஒன்று ‘தண்டல்’ என்பது. மரக்கலத்துத் தலைவனைக் குறிக்கத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வழங்கும் அதே சொல்தான் சிறைச்சாலையிலும் நிலைத்தது. பிராஸ் பாசா பகுதியில் அமைந்த பெரிய கைதிச் சிறையைக் கட்டியவர்களும் அதில் அடைபட்ட கைதிகளே.

சிறையினுள் தச்சு வேலை, கொல்லு வேலை, நெசவு, அச்சுத் தொழில் ஆகியவை கற்பிக்கப்பட்டன. கைதிகள் நடத்திய செங்கற்சூளையில் சுட்ட செங்கற்கள், 1867-இல் ஆக்ராவில் நடைபெற்ற பொருட்காட்சியில் பதக்கம் பெற்றன. பல்லாண்டுகள் இத்துறைக்குத் தலைமை தாங்கிய மேஜர் மெக்நாயர், 1899-இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்துள்ளார். கைதிகளே தங்களுக்குக் காவலர் என்னும் பொருள்படவே அந்நூலுக்குத் தலைப்பிட்டார்.

இம்முறையை முழுதும் கருணையின் விளைவு என்று கொள்வதும் பிழையாகும். ஐரோப்பியக் காவலரை அமர்த்தச் செலவு அதிகம் என்பதும் ஒரு காரணம். ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடிய வழக்கம் 1849-இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதற்கு முன் வந்தவர்கள், விடுதலை பெற்று மேனிலை எய்திய பின்னரும், அவ்வெழுத்தை நெற்றியில் சுமந்தே வாழ்ந்தனர். தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துக் கட்டி அதனை மறைத்துக்கொண்டோரும் உண்டு.

சுண்ணாம்பில் ஒளிரும் உழைப்பு

கைதிகளின் கைவண்ணத்திற்குத் தலைசிறந்த சான்று சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். கோல்மன் வரைந்த முந்தைய தேவாலயம் இருமுறை இடிவிழுந்து பழுதடைந்தமையால் 1855-இல் இடிக்கப்பட்டது. புதிய ஆலயத்திற்குத் திட்டம் வரைந்தவர் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ரொனால்ட் மெக்பெர்சன். போர்வீரராக வந்தவரே கட்டடக் கலைஞராகவும் விளங்கினார். 1856-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டு, 1861-ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் வழிபாடு நிகழ்ந்தது. கட்டியவர்கள் பெரும்பாலும் இந்துக்களும் இஸ்லாமியருமான கைதிகள்.

அவ்வாலயத்தின் உட்சுவர்களிலும் தூண்களிலும் பளிங்கு போல் மின்னும் பூச்சு, ‘சென்னைச் சுண்ணாம்பு’ என்று பெயர் பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்துப் பசையாகும் வரை அடித்தனர். தேங்காய் மட்டை ஊறிய நீரை அதனுடன் கலந்து சுவரில் பூசினர். பூச்சு உலர்ந்த பின் வழவழப்பான கற்களால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு இல்லங்களின் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இப்பூச்சு புதியதன்று. தமிழகத்துக் கொத்தனார்களின் பரம்பரைக் கலை, கால்விலங்குடன் கடல் கடந்து வந்து கிறித்துவப் பேராலயத்தை அழகு செய்தது.

1869-இல் நிறைவுற்ற ஆளுநர் மாளிகையும் இவ்வாறே எழுந்ததுதான். திட்டம் மெக்நாயருடையது, உழைப்பில் பெரும்பங்கு கைதிகளுடையது. இன்று ‘இஸ்தானா’ என்னும் பெயருடன் சிங்கப்பூர் அதிபரின் அதிகாரபூர்வ மாளிகையாகத் திகழ்வது அதுவே. கடலில் கலங்களுக்கு வழிகாட்டும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் 1855-இல் கைதிகளின் உழைப்பால் நிறைவெய்தியது.

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம், நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுந்தது. 1843-ஆம் ஆண்டளவில் அது செங்கற் கட்டடமாயிற்று. அத்திருப்பணியில் தண்டனைக் காலம் முடிந்த கைதிகளின் கைத்திறனும் கலந்திருக்க வேண்டும் என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து.

அச்சமும் பிரியாவிடையும்

1857-இல் இந்தியாவில் பெருங்கிளர்ச்சி மூண்ட செய்தி எட்டியபொழுது, சிங்கப்பூர் வாழ் ஐரோப்பியர் கைதிகளைக் கண்டு அஞ்சினர். சிறை உடைபடும் என்று வதந்தி பரவியது. ஆனால், கைதிகள் கிளர்ந்தெழவில்லை. எனினும், கைதிகளை அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்ற குரல் வலுத்தது. அந்தமான் தீவுகள் 1858 முதல் தண்டனைக் குடியிருப்பாயின. 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடி அரச ஆட்சியின் கீழ் வந்தன. தண்டனை முடியாத கைதிகள் 1873-இல் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றோருள் பலர் இங்கேயே தங்கி, மாட்டு வண்டி ஓட்டியும், பால்மாடு வளர்த்தும், சாலைக் குத்தகை எடுத்தும், குடும்பம் அமைத்தும் இச்சமுதாயத்தில் இரண்டறக் கலந்தனர்.

அவர்களின் வழித்தோன்றல்கள் யாரென்று இன்று சுட்ட இயலாது. கைதியின் பேரன் என்று சொல்லிக்கொள்ள எவரும் விரும்பவில்லை. தாத்தாவின் நெற்றி எழுத்தைத் தலைப்பாகை மறைத்தது போல், அவர் கதையைக் குடும்பத்தின் மௌனம் மறைத்தது.

பெயர் பொறிக்கப்படாதவர்கள்

சிங்கப்பூரில் கோல்மன் தெரு உண்டு. மெக்பெர்சன் சாலை உண்டு. மெக்நாயர் சாலையும் உண்டு. அவர்கள் தகுதி வாய்ந்தவர்களே; அப்பெருமை அவர்களுக்கு உரியதே. ஆனால், கோடு வரைந்தவரின் பெயர் நிலைக்க, அக்கோட்டைச் சுவராக்கியவரின் பெயர் மறைவது நீதியாகுமா என்னும் வினா எழாமல் இல்லை.

அவ்வினா கடந்த காலத்தைப் பற்றியது மட்டுமன்று. இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆலயங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. தமிழகத்திலிருந்து ஸ்தபதிகளும் சிற்பிகளும் கொத்தனார்களும் வருகின்றனர். மாதக்கணக்கில் சாரத்தின் மேல் நின்று சுதை வேலை செய்கின்றனர். கும்பாபிஷேகத்திற்குப் பின் ஊர் திரும்புகின்றனர். ஆலய வாயிலில் பதிக்கப்படும் பளிங்குக் கல்லில் சிறப்பு விருந்தினர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் நிருவாகத்தினர் பெயரும் இடம்பெறுகின்றன. தலைமை ஸ்தபதியின் பெயர் சில இடங்களில் காணப்படுகிறது. சாரத்தின் மேல் நின்றவர்களின் பெயர்களோ எங்கும் பெரும்பாலும் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து அக்கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பவரும், கட்டியவர் யார் என்றுதான் வினவுவார்.

விடை கூற ஒரு சிறு கல் போதும். திருப்பணியில் ஈடுபட்டோர் அனைவரின் பெயரையும் சொந்த ஊரையும் ஆலயப் பதிவேட்டில் எழுதி வைப்பதற்கோ, சுற்றுச்சுவரின் ஓரத்தில் பொறித்து வைப்பதற்கோ பெரும்பொருள் செலவாகாது. 1825-இல் ‘ஹொரேஷியோ’ கப்பலிலிருந்து இறங்கிய 80 பேருக்கு அவ்வாறு ஒரு கல் நாட்ட எவரும் எண்ணவில்லை. இனி எழும் கோபுரங்களுக்காவது ஆலயங்கள் அக்கடனைச் செலுத்தலாம்.